படிப்பும் பிஸ்கோத்தும்

நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளியில், என் மேசைமீது பழைய தகரப் பெட்டி ஒன்று இருந்தது. சுண்ணக்கட்டிகளை இட்டுவைக்க அது பயன்பட்டு வந்தது. எனக்கு முன் இருந்தவர் எனக்கு விட்டுச் சென்ற பெட்டி அது. அவருக்கு யார் விட்டுச் சென்றார் என்பது அவருக்கே தெரியாது. மூலைகளில் துருவேறி வண்ணம் உதிர்ந்து போயிருந்தபோதிலும், மூடியின்மீது கொக்கியிட்ட வார் ஒன்று வட்டமாய்ச் சுற்றிய சின்னமும், சில ஆங்கில எழுத்துகளும் ஒருவாறு புலப்பட்டன.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் சுண்ணக்கட்டி எடுத்துச் செல்ல வந்தான். பெட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படித்தான். பிறகு, "ஐயா, இதில் பிஸ்கோத்து என்று போட்டிருக்கிறது. அதன் கீழே படித்தல் என்றும் போட்டிருக்கிறது. பிஸ்கோத்துக்கும் படிப்புக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டான்.

நானும் வாங்கிப் பார்த்தேன். அவன் படித்ததில் பிழையில்லை. ஆங்கிலத்தில் 'படித்தல்' என்று பொருள்தரும் 'ரீடிங்' என்னும் சொல்லின் எழுத்துகளே அங்கு இருந்தன. ஆயினும் அது ஓர் ஊரின் பெயர். எழுத்து ஒன்றாயினும் ஒலி வேறு. அவ்வூரை 'ரெடிங்' என்று சொல்லுதல் வேண்டும். இதனை எடுத்துரைத்தேன். பையன் சிரித்துக்கொண்டே வகுப்புக்குப் போய்விட்டான். வினா மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அந்த ஊர் எத்தகையது? அந்தப் பிஸ்கோத்துக் கம்பெனி எவ்வாறு வளர்ந்தது? பல கடல்களைத் தாண்டி அந்தப் பெட்டி நம் பள்ளி மேசைக்கு வந்து சேர்ந்த வழி யாது? பின்னர் நூல்களில் தேடிப் படித்து நான் அறிந்துகொண்டவற்றை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அந்த மாணவன் கேட்ட வினாவுக்கு உண்மையான விடை இருந்தது என்பதையும் முடிவில் காண்பீர்கள்.

முதலில் சொல்லின் பொருளைத் தெரிந்துகொள்வோம். 'பிஸ்கோத்து' என்பது இலத்தீன் மொழியில் 'இருமுறை சுட்டது' என்னும் பொருளுடைய சொற்களிலிருந்து பிறந்தது. ரொட்டி இரண்டொரு நாளில் பூசணம் பிடித்துக் கெடுவதற்குக் காரணம் அதிலுள்ள ஈரம். அந்த ஈரம் அகலும்வரை மீண்டும் சுட்டால் அது நெடுநாள் கெடாது. கடலோடிகள் பண்டு தொட்டு இத்தகைய பண்டத்தையே உணவாகக் கொண்டு சென்றனர். அது கல்லைப்போல் இருக்கும், பல்லுக்குச் சோதனையாகும். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து மென்மையாகச் செய்த பிஸ்கோத்து, செல்வர் வீட்டுத் தின்பண்டமாகவே இருந்து வந்தது. அதனைக் கையால் பிசைந்து, கையால் அறுத்து, சிறு அடுப்பில் சுட வேண்டியிருந்தமையால் விலையும் மிகுதியாயிருந்தது.

1822ஆம் ஆண்டில் ஜோசப் ஹன்ட்லி என்பவர் ரெடிங் நகரில் இலண்டன் தெருவில் ஒரு சிறு ரொட்டிக் கடை திறந்தார். இந்நகரம் இலண்டனுக்கு மேற்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில், தேம்ஸ் ஆற்றோடு கென்னட் என்னும் சிற்றாறு கூடும் இடத்தில் உள்ளது. இலண்டனிலிருந்து பாத், பிரிஸ்டல் ஆகிய ஊர்களுக்குச் செல்லும் பெருஞ்சாலை இதன் வழியே சென்றது. அக்காலத்தில் இரயில் கிடையாது. குதிரைகள் பூட்டிய பெரிய வண்டிகளே பயணிகளை ஏற்றிச் சென்றன. குதிரை மாற்றுவதற்காக அவ்வண்டிகள் வந்து நிற்கும் விடுதியொன்று ஹன்ட்லியின் கடைக்கு எதிரே இருந்தது.

மற்றொருவராயிருந்தால், பசித்த பயணி தம் கடையைத் தேடி வரட்டும் என்று காத்திருந்திருப்பார். ஹன்ட்லி அவ்வாறு காத்திருக்கவில்லை. கூடை நிறையப் பிஸ்கோத்துகளை நிரப்பி, ஒரு பையனிடம் கொடுத்து, நிற்கும் வண்டியருகே அனுப்பினார். விற்பனை பெருகியது. அது மட்டுமன்று. வாங்கித் தின்ற பயணிகள் தத்தம் ஊர்களுக்குச் சென்று அதன் சுவையைப் பற்றிப் பேசினர். வெளியூர்களிலிருந்தும் பிஸ்கோத்து வேண்டும் என்று கேட்கலாயினர்.

இங்கேதான் ஓர் இடர் எழுந்தது. பிஸ்கோத்துக்குப் பகைவர் இருவர். ஒன்று குலுக்கல், மற்றொன்று ஈரம். கரடுமுரடான சாலையில் வண்டி குலுங்கும்போது பிஸ்கோத்து நொறுங்கித் தூளாகிவிடும். சுட்டுச் சுட்டு ஈரத்தைப் போக்கிய பண்டமாதலால், திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நமுத்துப் போகும். மழைக்காலத்தில் முறுக்கை மூடாமல் வைத்துவிட்டுத் திட்டு வாங்கிய பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இவ்விடருக்கு விடை எதிர்ப்புறத் தெருவிலேயே கிடைத்தது. ஹன்ட்லிக்கு மைந்தர் இருவர். மூத்தவர் தாமஸ் தந்தையோடு ரொட்டித் தொழிலில் இருந்தார். தந்தையின் பெயரையே தாங்கிய இளையவர் ஜோசப் 1832இல் அதே தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்தார். அவர் தந்தைக்காகக் காற்றுப் புகாத தகரப் பெட்டிகள் செய்து கொடுத்தார். அன்றுமுதல் பிஸ்கோத்து நொறுங்காமலும் நமுக்காமலும் நெடுந்தொலைவு செல்ல முடிந்தது. பின்னாளில் அந்தத் தகரப் பெட்டித் தொழிலும் தனிப் பெருந் தொழிற்சாலையாய் வளர்ந்தது. தின்பண்டம் செய்வது ஒரு திறமை. செய்ததைக் கெடாமல் வாங்குபவர் கையில் சேர்ப்பது வேறொரு திறமை. இரண்டாவது இல்லையேல் முதலாவது ஊர் எல்லையோடு நின்றுவிடும்.

ஹன்ட்லி குடும்பத்தார் 'குவேக்கர்' என்னும் கிறிஸ்தவ சமயப் பிரிவைச் சார்ந்தவர்கள். இவர்கள் போரை வெறுத்தவர்கள். எளிய வாழ்வு வாழ்ந்தவர்கள். இங்கிலாந்தின் அரசாங்கச் சமயத்தை ஏற்காதவர்களாதலால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற இவர்களுக்கு வழியில்லை. ஆகவே இவர்களுள் பலர் வாணிகத்தில் இறங்கினர். பர்மிங்ஹாம் நகரத்துக் காட்பரி, யார்க் நகரத்து ரவுண்ட்ரீ, பிரிஸ்டல் நகரத்து ஃபிரை, கார்லைல் நகரத்துக் கார் ஆகிய குடும்பத்தினர் யாவரும் குவேக்கர்களே. நீங்கள் தின்னும் சாக்லெட்டு, பிஸ்கோத்து ஆகியவற்றின் வரலாற்றில் இச்சிறு கூட்டத்தாருக்குப் பெரும் பங்குண்டு.

இவர்கள் வாணிகத்தில் ஒரு நெறியைக் கடைப்பிடித்தனர். பேரம் பேசுவது ஒருவகைப் பொய் என்று கருதிப் பொருளுக்கு ஒரே விலை வைத்தனர். குழந்தை வந்தாலும் பெரியவர் வந்தாலும் அதே விலை; அதே எடை. கடனை அடைக்க முடியாமல் நொடித்துப்போனவரைத் தம் சங்கத்திலிருந்து விலக்கிவிடும் வழக்கமும் இவர்களிடம் இருந்தது. பிறருடைய பொருளையும் தன் பொருளாகவே எண்ணிக் காப்பவனே வணிகன் என்று நம் வள்ளுவர் வகுத்த இலக்கணத்தை அறியாமலே அதற்கு அருகில் வந்தவர்கள் இவர்கள். நேர்மை அறமாக மட்டும் நில்லாமல் வாணிக முதலாகவும் ஆயிற்று. கண்ணால் காணாத தொலைவிலுள்ள கடைக்காரனும், மூடிய பெட்டியைத் திறந்து பாராமலே பணம் கொடுத்து வாங்கினான் என்றால், அதன்மீது எழுதியிருந்த பெயரை நம்பியே வாங்கினான்.

1841ஆம் ஆண்டில் தாமஸ் ஹன்ட்லியோடு ஜார்ஜ் பால்மர் என்னும் இளைஞர் கூட்டாளியாகச் சேர்ந்தார். அவருக்கு அப்போது வயது 23. அவரும் குவேக்கர், ஹன்ட்லி குடும்பத்துக்குத் தூரத்து உறவினர், மாவு அரைக்கும் தொழிலையும் தின்பண்டத் தொழிலையும் பயின்றவர். 'ஹன்ட்லி அண்டு பால்மர்ஸ்' என்னும் பெயர் தோன்றிய வரலாறு இதுவே.

ஒவ்வொரு பிஸ்கோத்தையும் கையால் செய்துகொண்டிருக்கும்வரை தொழில் பெருகாது என்பதைப் பால்மர் உணர்ந்தார். உள்ளூர்ப் பொறியியல் வல்லுநரின் துணையோடு எந்திரங்களை உருவாக்கினார். 1846இல் கென்னட் ஆற்றங்கரையில் புதிய தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. நீராவி விசையால் மாவு பிசையப்பட்டது, உருளைகளுக்கிடையே தகடாகத் தேய்க்கப்பட்டது, அச்சால் வெட்டப்பட்டது, நகர்ந்து செல்லும் சங்கிலித் தளத்தின்மேல் அடுப்பினுள் ஒருபுறம் புகுந்து, வெந்த பிஸ்கோத்தாக மறுபுறம் வெளிவந்தது. பிஸ்கோத்தின்மீது சிறுசிறு துளைகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவை அழகுக்காக இட்டவை என்று பலர் எண்ணுகின்றனர். சுடும்போது மாவினுள் உண்டாகும் ஆவி வெளியேற வழியில்லையேல், பிஸ்கோத்து பூரியைப்போல் ஆங்காங்கே உப்பிக் கோணலாகிவிடும். அவ்வாறு ஆகாமல் தட்டையாகவும் ஒரே அளவாகவும் இருப்பதற்கே அத்துளைகள். பெட்டியில் அடுக்குவதற்கு ஒரே அளவு இன்றியமையாதது அன்றோ?

தொழிற்சாலைக்கு அமைந்த இடத்தையும் கருதுங்கள். ஒருபுறம் ஆறும் கால்வாயும். மறுபுறம் இரயில் பாதை. இலண்டனிலிருந்து மேற்கு நோக்கி இடப்பட்ட பெருமேற்கு இரயில்வே 1840இல் ரெடிங் நகரை எட்டியிருந்தது. குதிரை வண்டிகள் மறைந்தபோது, அவற்றை நம்பியிருந்த விடுதிகள் பல மூடப்பட்டன. குதிரை வண்டிப் பயணிகளை நம்பித் தொடங்கிய பிஸ்கோத்துக் கடையோ வீழவில்லை. இரயிலையே தன் வண்டியாக்கிக் கொண்டது. நாளடைவில் தொழிற்சாலைக்குள்ளேயே தண்டவாளம் இடப்பட்டது.

விற்பனைத் திறத்துக்கு ஒரு சான்று கூறுகிறேன். இலண்டன் பாடிங்டன் நிலையத்தில் இரயில் ஏறும் முதல் வகுப்புப் பயணிகளுக்குச் சிறு பொட்டலம் ஒன்று இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அதில் சில பிஸ்கோத்துகள் இருக்கும். இரயில் ரெடிங்கைக் கடக்கும்போது எங்கள் தொழிற்சாலையைப் பாருங்கள் என்னும் வேண்டுகோளும் அதனோடு சேர்ந்திருக்கும். பயணி பிஸ்கோத்தைக் கடித்துக்கொண்டே சன்னலின் வழியே பார்ப்பார். அது பிறந்த பெரிய கட்டடமும் புகைபோக்கிகளும் கண்முன் தோன்றும். நாவும் கண்ணும் ஒரே நேரத்தில் ஒரே பெயரைக் கற்றுக்கொள்ளும். ஜோசப் ஹன்ட்லியின் கூடைப் பையன் செய்த வேலையைத்தான் அந்தப் பொட்டலமும் செய்தது. வண்டி மாறியது, முறை மாறவில்லை.

அடுத்து, பெட்டியே விளம்பரமாயிற்று. 1868ஆம் ஆண்டுமுதல் இக்கம்பெனியின் பெட்டிகள் ஓவியங்களோடு வெளிவரலாயின. பின்னர்த் தகரத்தின்மீது நேரே வண்ணப்படம் அச்சிடும் முறை தோன்றவே, கிறிஸ்துமஸ் பண்டிகைதோறும் புதுப்புது வடிவங்களில் பெட்டிகள் செய்யப்பட்டன. புத்தகங்களை வரிசையாக அடுக்கி வாரால் கட்டியது போன்ற பெட்டி ஒன்று மிகவும் புகழ்பெற்றது. வெளியே பார்த்தால் நூலகம்; திறந்து பார்த்தால் பிஸ்கோத்து! பிஸ்கோத்து தீர்ந்த பிறகும் இத்தகைய பெட்டியை எவரும் எறிவதில்லை. பொத்தான், ஊசி, நூல், கடிதம் என்று எதையேனும் இட்டு வைப்பர். பத்து ஆண்டுகள் கழிந்தாலும் கம்பெனியின் பெயர் அந்த வீட்டில் இருந்துகொண்டே இருக்கும். என் மேசைமீது சுண்ணக்கட்டி தாங்கிய பெட்டியும் அவ்வாறே சம்பளம் வாங்காமல் விளம்பர வேலை செய்துகொண்டிருந்தது.

ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் கரையான் தொல்லை மிகுதி. அந்நாட்டு மொழியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்தவ வேதநூலை அச்சிட்டவர்கள், அந்நூல் இந்தப் பிஸ்கோத்துப் பெட்டிக்குள் அடங்கும் அளவில் அதனைக் குறுகலாகவும் தடிப்பாகவும் செய்தார்கள். கரையான் புகாத நூலகமாக அப்பெட்டி அங்கே பயன்பட்டது. 1910இல் தென்துருவம் நோக்கிப் புறப்பட்ட கப்பல் தலைவர் ஸ்காட் இக்கம்பெனி தமக்கெனச் செய்து கொடுத்த பிஸ்கோத்துகளைக் கொண்டு சென்றார். தென்துருவத்தை எட்டித் திரும்பும் வழியில் 1912இல் அவரும் தோழர்களும் பனியில் மாண்டனர். அவர்கள் தங்கியிருந்த குடிலில் அந்தப் பெட்டிகள் பனிக்குளிரில் கெடாமல் நின்றன. உலகின் வெப்பம் மிகுந்த மூலைக்கும் குளிர் மிகுந்த மூலைக்கும் ஒரு சிற்றூர்க் கடையின் பெயர் சென்றுவிட்டது.

1900ஆம் ஆண்டளவில் இத்தொழிற்சாலையில் 5,000 பேருக்கு மேல் வேலை செய்தனர். ஏறத்தாழ 400 வகைப் பிஸ்கோத்துகள் செய்யப்பட்டன. உலகிலேயே மிகப் பெரிய பிஸ்கோத்துக் கம்பெனி இதுவே என்று பேர் பெற்றது. பீர், பூஞ்செடிக் கிழங்கு, பிஸ்கோத்து என்னும் மூன்றும் ரெடிங் நகரின் புகழ்ப் பொருள்கள் என்று மக்கள் கூறுவர். அந்நகரின் கால்பந்துக் குழுவினரைப் 'பிஸ்கோத்துக்காரர்' என்றே நெடுங்காலம் அழைத்தனர்.

பால்மர் குடும்பத்தார் ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதியை நகருக்கு அளித்தனர். ஜார்ஜ் பால்மர் நகரத் தலைவராகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். மக்களுக்குப் பூங்கா வழங்கினார். அவர் காலத்துக்குப் பின் 1904இல் அவர் மைந்தர் ஆல்பிரட் பால்மர், ரெடிங் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு நிலம் கொடுத்தார். அக்குடும்பத்தாரின் பொருளுதவியும் அக்கல்லூரிக்குக் கிடைத்தது. அது 1926இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பல்கலைக்கழகங்களின் கதவு அடைக்கப்பட்டிருந்த ஒரு கூட்டத்தில் தோன்றியவர்கள், பிஸ்கோத்து விற்ற பணத்தால் ஒரு பல்கலைக்கழகம் எழ உதவினார்கள். என் மாணவனின் வினாவுக்கு முதல் விடை இது.

இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டால் கேட்பதற்கு இனிமையாயிருக்கும். ஆனால், மாணவர்களுக்குப் பாதிக் கதையைச் சொல்லி அனுப்புவது ஆசிரியருக்கு அழகன்று. எஞ்சிய பாதியையும் சொல்கிறேன்.

அதே கல்லூரியில் ஆர்தர் பௌலி என்னும் பேராசிரியர் இருந்தார், புள்ளியியலில் வல்லவர். ஒரு நகரத்து மக்களின் நிலையை அறிய வீடுதோறும் சென்று கேட்க வேண்டும் என்று அதுவரை எண்ணியிருந்தனர். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுப் பெண்டிர் அறிந்த முறை. அதனைக் கணக்கியல் நெறியாக்கினார் பௌலி. 1912இல் ரெடிங் நகரில் தொழிலாளர் வீடுகளுள் ஏறத்தாழ 20க்கு ஒரு வீடு என்னும் முறையில் தேர்ந்து, அவ்வீடுகளில் எத்தனை பேர் உள்ளனர், வரும்படி எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று விசாரிக்கச் செய்தார். வறுமை என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமே! அதற்கும் ஒரு தின்பண்டக் குடும்பமே வழிகாட்டியது. யார்க் நகரத்து ரவுண்ட்ரீ குடும்பத்தைச் சேர்ந்த சீபோம் ரவுண்ட்ரீ 1899இல் தம் ஊரில் ஆராய்ச்சி நடத்தி, ஒரு குடும்பம் உடல் நலத்தோடு உயிர் வாழக் குறைந்த அளவு எவ்வளவு வருவாய் வேண்டும் என்று கணக்கிட்டு, 1901இல் நூலாக வெளியிட்டிருந்தார். அவர் வகுத்த அளவைச் சிறிது திருத்திப் பௌலி கையாண்டார்.

ரெடிங்கோடு வேறு மூன்று ஊர்களிலும் அவ்வாராய்ச்சி நடைபெற்றது. 1915இல் முடிவுகள் நூலாக வெளிவந்தன. அந்த நான்கு ஊர்களுள் வறுமை மிகுதியாயிருந்த ஊர் ரெடிங் என்று தெரிந்தது. அவ்வறுமைக்கு முதற்காரணம் வேலை கிடைக்காமையன்று. நாள்தோறும் வேலைக்குச் சென்றும் பெற்ற கூலி குடும்பத்தைக் காக்கப் போதாமையே என்றும் தெரிந்தது. நகரில் மிகுதியான பேருக்கு வேலை கொடுத்தது பிஸ்கோத்துத் தொழிற்சாலை. தொழிலாளர் நோயுற்றால் உதவ நிதி வைத்திருந்த கம்பெனி அது. அவர்கள் ஓய்வுநேர விளையாட்டுக்கும் வழி செய்திருந்தது. பூங்கா தந்த குடும்பம். கல்லூரிக்கு நிலம் தந்த குடும்பம். இவை யாவும் உண்மை. கூலி குறைவாயிருந்ததும் உண்மை. கொடை என்பது வேறு. ஊதியம் என்பது வேறு. கொடுப்பவர் மகிழ்ந்து கொடுப்பது கொடை. உழைத்தவர் உரிமையோடு பெறுவது ஊதியம். முன்னது எவ்வளவு பெரிதாயினும் பின்னதன் குறையை நிரப்பாது. வாங்குபவனிடம் ஒரு குன்றிமணியும் எடை குறைக்காத துலாக்கோல், உழைப்பவனின் பக்கம் சிறிது தாழாமல் நின்றுவிட்டதே என்று எனக்கு வருத்தம் உண்டாகிறது.

இனி, அக்கம்பெனியின் தளர்ச்சியையும் சுருக்கமாகச் சொல்லுகிறேன். முதல் உலகப் போருக்குப் பின் நாடுகள் பல இறக்குமதிப் பொருள்மீது வரி உயர்த்தின. தத்தம் நாட்டிலேயே பிஸ்கோத்துச் செய்யத் தொடங்கின. உள்நாட்டிலும் போட்டியாளர்கள் தோன்றினர். அவர்கள் 400 வகை செய்யவில்லை. சில வகைகளையே பெருவாரியாகச் செய்து, காகிதப் பொட்டலத்தில் கட்டி, மலிவாக விற்றனர். வகை மிகுந்தால் ஒவ்வொன்றுக்கும் அச்சு மாற்ற வேண்டும், எந்திரத்தை நிறுத்த வேண்டும், செலவு கூடும். நெருக்கமாய்க் கட்டிய பழைய கட்டடங்களில் புதிய நீண்ட எந்திரங்களை அமைப்பதும் அரிதாயிற்று. பெருமைக்குக் காரணமாயிருந்த பலவகைப் பிஸ்கோத்தும் அழகிய தகரப் பெட்டியும் பெருந் தொழிற்சாலையும் பாரமாயின. குதிரை வண்டி போய் இரயில் வந்தபோது விரைந்து மாறிக்கொண்ட கம்பெனி, தகரம் போய்க் காகிதம் வந்தபோது அத்துணை விரைவாக மாறவில்லை.

1921இல் இக்கம்பெனி, இலண்டனிலுள்ள பீக் ஃபிரீன் என்னும் பிஸ்கோத்துக் கம்பெனியோடு ஓர் அமைப்பின்கீழ் இணைந்தது. 1960இல் ஜேக்கப்ஸ் என்னும் மற்றொரு கம்பெனியும் அதில் சேர்ந்தது. 1976இல் ரெடிங் தொழிற்சாலையில் பிஸ்கோத்துச் செய்வது அடியோடு நின்றது. 1982இல் அந்த இணைப்பு முழுவதும் அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயிற்று. கால்பந்துக் குழுவும் தன் பெயரை மாற்றிக்கொண்டது.

இப்போது கூறிய பீக் ஃபிரீன் கம்பெனிக்கும் நமக்கும் ஒரு தொடர்புண்டு. 1874இல் விக்டோரியா அரசியின் மைந்தர் ஒருவர் ரஷ்ய நாட்டு இளவரசி மரியாவை மணந்தார். அத்திருமணத்தின் நினைவாகப் பீக் ஃபிரீன் ஒரு வட்டப் பிஸ்கோத்தைச் செய்து, அதற்கு 'மேரி' என்று பெயரிட்டது. இன்று நம்மூர்த் தேநீர்க் கடைகளிலும், காய்ச்சலாய்ப் படுத்திருப்பவர்க்கு வீட்டார் பாலில் நனைத்துக் கொடுக்கும் போதும் நாம் காணும் மேரி பிஸ்கோத்து அதுவே. ரஷ்ய இளவரசியின் பெயரைத் தின்கிறோம் என்று யார் நினைக்கிறார்கள்? இந்தியாவில் 1892ஆம் ஆண்டு கல்கத்தாவில் 295 ரூபாய் முதலுடன் ஒரு சிறு வீட்டில் தொடங்கிய பிஸ்கோத்துத் தொழிலே பின்னர் பிரிட்டானியா ஆயிற்று. 1924இல் அதன் ஆதிக்கம் பீக் ஃபிரீன் கம்பெனியின் கைக்கு வந்தது. ஆகவே ரெடிங் நகரத்துக் கூட்டுறவின் நிழல் நம் நாட்டுப் பிஸ்கோத்தின்மீதும் ஒருகாலத்தில் விழுந்திருந்தது.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் நாளை தொழில் தொடங்குவீர்கள்; பலர் தொழிற்சாலைகளில் பணிபுரிவீர்கள்; எல்லாரும் பொருள் வாங்குவீர்கள். தொழில் தொடங்குபவர் கூடைப் பையனையும் தகரப் பெட்டியையும் நினைவில் கொள்ளுங்கள். வாங்குபவர் எங்கே நிற்கிறாரோ அங்கே செல்லுங்கள். அவர் கைக்குச் சேரும்வரை பொருளுக்கு நீங்களே பொறுப்பு என்று கருதுங்கள். வளர்ந்த பிறகு, நம்மை வளர்த்தது எது என்பதோடு, அது இன்னும் வளர்க்கிறதா என்றும் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லூரியில் படிப்பவர் பௌலியை நினைவில் கொள்ளுங்கள். அவர் தம் கல்லூரிக்கு நிலம் கொடுத்தவர் யார் என்று பார்த்து எண்களைக் கூட்டிக் குறைக்கவில்லை. உள்ளது எதுவோ அதை எண்ணினார், எண்ணியதை எழுதினார். பல்கலைக்கழகம் இருப்பது அதற்காகவே.

நான் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாளில், அந்தத் தகரப் பெட்டியை மேசைமீதே விட்டு வந்தேன். ரெடிங் நகரத்து அருங்காட்சியகத்தில் அதைப் போன்ற பெட்டிகளைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிறார்கள். கம்பெனியின் கணக்கேடுகளும் கடிதங்களும் அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. விரும்புவோர் அங்கே சென்று படிக்கலாம். எங்கள் பள்ளிப் பெட்டிக்குக் கண்ணாடி வேண்டாம். அதில் சுண்ணக்கட்டி இருந்தால் போதும். என்றேனும் ஒரு மாணவன் அதனை எடுத்துத் திருப்பிப் பார்த்து, பிஸ்கோத்துக்கும் படிப்புக்கும் என்ன தொடர்பு என்று மீண்டும் கேட்பான். அப்போது அங்கிருக்கும் ஆசிரியர், இது ஊரின் பெயர் என்று சொல்லி அவனை அனுப்பிவிடாமல், உட்கார வைத்து முழுக் கதையையும் சொல்வாராக.